மரக்காலின் ஓசை

ஃபிளாபேரின் ‘மதாம் பொவாரி’ நாவலைத் திருச்சபை 1864-ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. 1966-இல் அந்தப் பட்டியலே வழக்கொழிந்தது. எனினும் அந்நூலைப் பற்றிய பழைய தயக்கம் நம்மவரிடையே முழுதும் நீங்கியதாகத் தெரியவில்லை. கணவனுக்குத் துரோகம் செய்த ஒருத்தியின் கதை என்று ஒதுக்கியவர் பலர். ஒதுக்காது படித்தவர்களும் எம்மாவின் மீதே கண் வைத்தார்கள். இரண்டாம் பாகத்தின் பதினோராம் அதிகாரத்தில் ஒரு காலை இழக்கும் ஏழைக் குதிரைக்காரன் அவர்கள் பார்வையில் அதிகம் படவில்லை. நாம் இங்குப் பேச விரும்புவது அவனைப் பற்றியே.

அவன் பெயர் ஹிப்போலித். யொன்வீல் என்னும் சிற்றூரின் விடுதியில் குதிரைலாயப் பணியாள். பிறவியிலேயே வளைந்த பாதம். ஆனால் அந்தக் காலை ஊன்றியே அவன் நாள் முழுதும் வண்டிகளைச் சுற்றி ஓடியாடி வேலை செய்கிறான். நல்ல காலைவிட அதுவே வலுவானதோ என்று பார்ப்பவர்க்குத் தோன்றும். குணப்படுத்தும்படி அவன் யாரையும் கேட்கவில்லை. கேட்டவர்கள் வேறு. ஊருக்குப் பெருமை தேடும் மருந்துக்கடைக்காரர் ஓமே ஒருவர். கணவன் புகழ்பெற வேண்டுமென்று ஏங்கும் எம்மா மற்றொருவர். கணவன் ஷார்ல் பொவாரியோ முழுமையான மருத்துவப் பட்டம் பெற்றவன் அல்லன். அந்நாளைய பிரான்சில் வழங்கிய இரண்டாந்தர உரிமம் மட்டுமே உடையவன். 1803-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகையோர் பட்டம் பெற்ற மருத்துவரின் மேற்பார்வையின்றிப் பெரிய அறுவைச் சிகிச்சைகளில் இறங்கலாகாது. அவன் ரூவானிலிருந்து ஒரு நூலை வரவழைத்து இரவெல்லாம் படிக்கிறான். படிப்பில் குறையில்லை, பழக்கந்தான் இல்லை.

ஹிப்போலித் எப்படி இணங்கினான் என்பதை ஃபிளாபேர் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறார். ஊரே அவனுக்கு அறிவுரை கூறுகிறது. விடுதிக்காரி முதல் ஊர்த்தலைவர் வரை வற்புறுத்துகிறார்கள். இறுதியில் அவனை அசைத்தது, செலவு ஏதுமில்லை என்ற ஒரே செய்தி. இதனைச் சம்மதம் என்று சொல்ல நமக்கு நாக்கூசுகிறது. நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 1995-இல் மருத்துவச் சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தபோது, எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகவே சிகிச்சை தரும் இடங்களுக்கு விலக்களித்தது. அதற்குச் சட்ட நியாயம் உண்டு. ஆனால் தரும மருத்துவமனைகளை நடத்திப் பழகிய நம் சமூகம், தருமம் பெறுகிறவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு என்பதை எவ்வளவு தூரம் ஒப்புக்கொண்டிருக்கிறது?

குதிகால் தசைநாண் அறுக்கப்படுகிறது. மரமும் இரும்பும் தோலும் சேர்த்துச் செய்த கனத்த பெட்டிக்குள் கால் பூட்டப்படுகிறது. அன்று மாலையே ஓமே நாளிதழுக்கு வெற்றிச் செய்தி எழுதி முடித்துவிடுகிறார். ஐந்தாம் நாள் விடுதிக்காரி அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். பெட்டியைத் திறந்தால், வீங்கி நிறம் மாறிய பாதம். சற்று வீக்கம் தணிந்ததும் அவர்கள் செய்ததென்ன? விரைவில் பலன் கிடைக்கட்டும் என்று பெட்டியை மறுபடி மாட்டி, முன்னிலும் இறுக்கினார்கள். மூன்று நாளில் தசை அழுகல் மேலேறத் தொடங்கியது.

இந்த ஒரு செயலில்தான் அதிகாரத்தின் முழுக் கனமும் இருப்பதாக நாம் கருதுகிறோம். கத்தி தவறியதாக ஃபிளாபேர் சொல்லவில்லை. அந்தச் சிகிச்சையும் மூட நம்பிக்கை அன்று. இன்றும் பிறவிப் பாத வளைவுள்ள குழந்தைகளுக்கு மாவுக்கட்டுப் போட்டுத் திருத்தும்போது, அதே தசைநாணைச் சிறிதாக வெட்டுகிறார்கள். தவறு, கண்ணெதிரே வந்த எச்சரிக்கையைக் காண மறுத்ததில் இருந்தது. நோயாளியின் வலியைவிட நாளிதழில் எழுதிய செய்தி உண்மையாகத் தோன்றிவிட்டது. மருத்துவப் பிழைகளைப் பற்றி 1999-இல் அமெரிக்காவில் வெளிவந்த புகழ்பெற்ற அறிக்கை, தீய மனிதர்களைத் தேடுவதைவிடப் பிழை நிகழவும் மறைக்கப்படவும் இடந்தரும் ஏற்பாடுகளைத் திருத்துவதே வழி என்றது. யொன்வீலில் தீயவர் ஒருவரும் இல்லை. ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் கடமை பெற்றவரும் இல்லை. வேறு மருத்துவரை அழைக்கலாமா என்று கேட்டவள் கூட அந்த விடுதிக்காரிதான். ஃபிளாபேரின் தந்தை ரூவான் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர். மகன் அந்த வளாகத்தில் வளர்ந்தவர். இந்த அறை அவருக்குத் தெரிந்த அறை.

நம்மை உறுத்துவது அடுத்த காட்சி. பங்குத்தந்தை பூர்னிசியேன் வருகிறார். நோய்க்காக இரங்குகிறார், ஆனால் இது ஆண்டவரின் சித்தம், ஆகையால் மகிழ வேண்டும், விண்ணகத்தோடு ஒப்புரவாக இதுவே தக்க தருணம் என்கிறார். குணமானால் திருயாத்திரை போவதாக ஹிப்போலித் நேர்ந்துகொள்கிறான். அதனால் நட்டமொன்றுமில்லை என்பது குருவின் பதில். குருக்களைக் கேலி செய்கிறார் ஆசிரியர் என்று நாம் முகம் சுளிக்கலாம். கேலி இருக்கிறதுதான். ஆயினும் நம் வீடுகளில், மருந்து மாறிப்போய் இறந்த பிள்ளையின் அருகில் நின்று, ‘இறைவன் கொடுத்தார், எடுத்துக்கொண்டார்’ என்று நாமும் சொன்னதில்லையா? மனிதனின் கவனக்குறைவுக்கு ஆண்டவரின் கையொப்பத்தை வாங்கித் தரும் அந்தப் பக்தியைத்தான் ஃபிளாபேர் குறிவைக்கிறார். அக்குரு நோயாளியின் பாவங்களை நினைவூட்டினார். பெட்டியை இறுக்கியவர்களிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பெரிய மருத்துவர் கனிவே வந்து ஏளனமாய்ச் சிரித்து, தொடைவரை வெட்ட வேண்டும் என்கிறார். அவர் ஓமேயின் கடையில் நின்று புதுமைகளையெல்லாம் வசைபாடும்போது, ஓமே வாய் திறந்து ஷார்லுக்காகப் பேசவில்லை, வியாபாரம் முக்கியம். ஷார்ல் வீட்டை விட்டு வெளியே வரத் துணியவில்லை. எங்கே பிழைத்தோம் என்று நாற்காலியில் அமர்ந்து யோசிக்கிறான். அவன் மனம் வழக்கு வருமோ என்றும் அஞ்சுகிறது. ஊரின் மறுபுறத்திலிருந்து வெட்டப்படுகிறவனின் அலறல் அவன் காதுக்கு எட்டுகிறது. திருப்பலியின் தொடக்கத்தில் செய்ததையும் செய்யத் தவறியதையும் அறிக்கையிட்டு மார்பில் தட்டிக்கொள்கிற நமக்கு, அவன் எழுந்து போய் அந்தக் கட்டிலருகே நின்றிருக்கலாமே என்று தோன்றுகிறது. அவன் போகவில்லை. பின்னர் பணம் கொடுத்தான். முந்நூறு பிராங்கு விலையில் அழகிய செயற்கைக்கால் ஒன்று வந்தது. அதைத் தினமும் அணியக் கூசிய ஹிப்போலித்துக்கு எளிய மரக்கால் ஒன்றும் வாங்கித் தந்தான். அந்தக் கட்டை கல்தரையில் தட்டும் ஓசை தொலைவில் கேட்டால், ஷார்ல் விரைந்து வேறு தெருவில் திரும்பிவிடுவான்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஃபிளாபேர் ஹிப்போலித்துக்குச் சில முனகல்களைத் தவிரப் பேச்சே தரவில்லை. அவன் மன்னித்தானா, மன்னிக்கவில்லையா என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் பாகத்தில் எம்மாவின் அடக்கப் பூசை நடக்கிறது. பீடத்தில் அதே பூர்னிசியேன். கோயிலின் பின்புறமிருந்து, இரும்புப் பூண் கட்டிய கோல் தரையில் படுவதுபோல ஒரே சீராக ஓசை வருகிறது. பழுப்புச் சட்டைக்காரன் ஒருவன் சிரமப்பட்டு முழந்தாளிடுகிறான். அன்று அவன் புதுக்காலை அணிந்து வந்திருந்தான்.