செல்வருக்கோர் ஆற்றுப்படை

இலக்கியம் என்று எவரும் ஒப்புக்கொள்ளாத ஓர் எழுத்து வகையை இங்கு எடுத்து ஆராய முற்படுகிறோம். மேற்கிந்தியத் தீவொன்றிற் பத்து நாளை உல்லாசமாகக் கழிக்க விரும்பும் செல்வர் பொருட்டுப் பிரயாண முகவர்கள் அச்சிட்டு வழங்கும் திட்டப் பிரசுரமே அது. எந்த மாதத்தில் மழை பெய்யாது, எந்தக் கடலோர மாளிகையில் தங்குவது, ஏவல் கேட்க எத்தனை பேர் நிற்பர் என்பனவெல்லாம் அதில் ஒழுங்காக வரும். இதற்கு விமரிசனம் எதற்கு என ஆசிரிய நண்பர்கள் வினவலாம். பாட்டும் கதையும் படியாதவர்கள்கூடப் படிக்கின்ற நில வருணனை இதுதான். கடற்கரை என்றால் இன்னது என்று இன்றைய தலைமுறையின் மனத்திற் பதியவைப்பதில் நெய்தற் பாட்டுக்களைவிட இதற்கே செல்வாக்கு அதிகம்.

தமிழ் படித்தோர்க்கு இவ்வகை முற்றிலும் புதிதன்று. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டிற் பாதி இவ்வகையைச் சார்ந்தது. சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்து நுளையர் வழிப்போக்கனுக்குத் தேறலும் சுட்ட குழல்மீனும் கொடுக்கின்றனர். மன்னனின் புகழே இப்பாட்டுக்களின் குறிக்கோள் என்பதை நாம் மறக்கவில்லை; அக்காலத்தைப் பொற்காலமென்று போற்றும் பழக்கமும் நமக்கில்லை. ஆயினும் அவ்வழி நெடுகிலும் மனிதர் இருக்கின்றனர். அவர்கள் என்ன தொழில் செய்வர், என்ன உண்பர், வந்தவனுக்கு எதைப் பகிர்வர் என்பதை அறியாமல் பாணன் ஓரடியும் எடுத்துவைக்க இயலாது. பிரசுரமோ செல்வரை வறியவரின் கரைக்கு அனுப்புகிறது. அனுப்புமுன் அக்கரையிலுள்ள வறியவரைப் படத்திலிருந்து அகற்றிவிடுகிறது.

இவ்வாறு அகற்றப்பட்ட ஒருத்தி திரும்பிவந்து படத்துக்குள் நின்று பேசினால் எப்படியிருக்கும்? ஜமெய்க்கா கின்கெய்ட் 1988இல் வெளியிட்ட ‘எ ஸ்மோல் பிளேஸ்’ என்னும் சிறு நூல் அத்தகையது. அவர் 1949இல் அன்ரிகுவாத் தீவில் பிறந்தவர். பதின்ம வயதில் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வீட்டிற் குழந்தை பார்க்கும் வேலைக்கு அனுப்பப்பட்டவர். நம் இளைஞர்களுக்கு அன்ரிகுவா என்றதும் விவியன் ரிச்சர்ட்ஸின் துடுப்பாட்டமே நினைவுக்கு வரும். செல்வர்களுக்கோ, ஆண்டின் நாளொன்றுக்கு ஒன்றாக 365 கடற்கரைகள் உண்டு என்ற விளம்பரமே நினைவுக்கு வரும்.

விமான நிலையத்தில் இறங்கும் உல்லாசப் பிரயாணியை நேரே விளித்து நூல் தொடங்குகிறது. மழையற்ற வானம் கண்டு அவர் மகிழ்கிறார்; குடிநீருக்கு அத்தீவார் படும் பாட்டை அவர் எண்ணவேண்டிய அவசியம் இல்லை. உள்ளூர் உணவென்று அவர் சுவைப்பது மியாமியிலிருந்து விமானத்தில் வந்திருக்கக்கூடும். அவர் குளித்த நீரும் கழித்த கழிவும் எங்கே போகின்றன என்ற கேள்வி எழும்போது, அவர் நீந்தப்போகும் அதே கடலைக் கின்கெய்ட் சுட்டுகிறார். பிரசுரத்தின் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் உள்ள குழாயையும் கணக்கேட்டையும் இழுத்து வெளியே போடும் முறை இது. 1974ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற் சேதமுற்ற பொது நூலகம், திருத்த வேலை நடைபெறவிருக்கிறது என்ற பலகையோடு ஆண்டுக்கணக்கிற் கிடந்ததை அவர் கூறும் பகுதியை ஆசிரியர் எவரும் மனங்கலங்காமற் படித்தல் இயலாது. அந்நூலகத்தில் வாசித்தே அவர் எழுத்தாளரானார்.

நமக்கு மிக முக்கியமாகப் பட்டது வேறோர் இடம். அடிமைத்தளை 1834இல் நீங்கியதை ஆரவாரத்தோடு கொண்டாடும் அதே மக்கள், விடுதிப் பணியாளரைப் பயிற்றும் பள்ளியின் பட்டமளிப்பையும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பிக் கொண்டாடுகின்றனர். இரண்டுக்குமுள்ள உறவு அவர்களுக்குத் தென்படுவதில்லை என்கிறார் ஆசிரியர். கடுமையான கூற்றுத்தான். வேலையற்ற வீட்டில் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைப்பதை இழிவுபடுத்தலாமா என்று நாமும் தயங்கினோம். ஆனால் அவர் இகழ்வது தொழிலையன்று. கரும்புத் தோட்டம் போன இடத்தில் விடுதி வந்தது. நிலம் யாருடையது, இலாபம் யாருக்கு என்ற கணக்கு அதிகம் மாறவில்லை. கரிபியன் தீவுகளில் உல்லாசப் பிரயாணிகள் செலவிடும் பணத்தில் ஏறத்தாழ 80 வீதம் வெளியே போய்விடுகிறதென்று ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் எடுத்துக்காட்டிய மதிப்பீடொன்று உண்டு. அதே மதிப்பீட்டில் இந்தியாவுக்கு 40 வீதம்.

அக்கரும்புத் தோட்டங்களில் நம்மவரும் உழைத்தனர் என்பதைப் பிரசுரம் கூறாது; நம் பாடப் புத்தகங்களுந்தான் எவ்வளவு கூறுகின்றன? புதுச்சேரி, காரைக்கால் வழியாக 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் சென்றன. குவாதலூப்பிற் பிறந்த ஹென்றி சிதம்பரம் தம்மவரின் குடியுரிமைக்காக 1904இல் தொடங்கிய வழக்கு 1923இலேயே முடிந்தது. இன்று அத்தீவின் மாரியம்மன் கோயில், பிரயாணிகள் நின்று படம் பிடிக்கும் இடங்களுள் ஒன்று.

இந்நூலை மூடிவைத்துவிட்டுப் பள்ளிவாசல்துறையை நோக்குவோம். கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பரப்பில் ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. பெயரிலேயே தொழுகையும் உண்டு, தொழிலும் உண்டு. கரைவலை, வாடி, கருவாடு என்பனவே இக்கரையின் சொல்வளம். இங்கும் மணலுக்கடியில் நல்ல நீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும். ஒரு விடுதியின் நீச்சற் குளத்துக்கும் ஒரு கமக்காரனின் வெங்காயப் பாத்திக்கும் ஊற்று ஒன்றே.

உள்நாட்டுப் போர் முடிந்த 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில், கற்பிட்டியை அடுத்த 14 தீவுகளை, ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலப்பரப்பை, ஒருங்கிணைந்த உல்லாச வலயமாக்கும் அரசுத் திட்டம் பெரிதாகப் பேசப்பட்டது. ஆடம்பர விடுதிகள், விமான இறங்குதுறை, கோல்ப் மைதானம் என்பன வரைபடத்தில் இடம்பெற்றன. தலைமுறையாக வாடியமைத்துத் தொழில்செய்த பலரிடம் காணியுறுதி இல்லை. ஆகவே வரைபடத்தில் அவர்களும் இல்லை. கடற்றொழிலாளர் எதிர்த்தனர். வகுத்தவாறு அத்திட்டம் முழுவதும் நிறைவேறவில்லை. எனினும் ஆலங்குடா, கண்டக்குழிப் பகுதிகளில் விடுதிகள் எழுந்தன. சோளகம் பலத்து வீசும் மாதங்களில் பெருங்கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறும். அக்காற்றையே நாடிப் பட்டம் பிடித்து நீரிற் சறுக்கும் வெளிநாட்டார் களப்புக்கு வருகின்றனர். ஒருவனுடைய வேலையற்ற காலம் இன்னொருவனுக்கு விற்கப்படும் பருவம்!

நேர்மையாகக் கூறவேண்டிய மறுபக்கமும் உண்டு. ஓங்கில் பார்க்கப் பிரயாணிகளைத் தன் படகில் ஏற்றிச் செல்லும் கடற்றொழிலாளிக்கு ஒரு காலை வேளையிற் கிடைப்பது, சில வேளை வலையிற் கிடைப்பதைவிட அதிகம். சம்மாட்டிக்கும் முதலாளிக்கும் கடன்பட்டுத் தவிப்பவன் அதனை ஏன் மறுக்கவேண்டும்? பழைய கரையைச் சமத்துவபுரி போலச் சித்திரிக்கும் எழுத்தாளரோடு நமக்கு உடன்பாடில்லை. பிரயாணி வருவதா வேண்டாமா என்பதன்று வினா. அவர் வருவதற்கான திட்டத்தை யார் தீட்டுவது என்பதே.

இக்கரைக்குத் திட்டமேதுமின்றி வந்த பிரயாணிகளும் உளர். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவினர் பலர் படகுகளிற் கடலைக் கடந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அவர்களை எதிர்கொண்டு சோறிட்டவர்கள் இக்கரையின் ஏழைகள். பின்னாளிற் காணி, நீர், கூலி பற்றிப் பிணக்குகளும் எழுந்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் ஆற்றுப்படையின் நுளையரை நாம் நேரிற் காணவேண்டுமாயின் அந்த நாட்களிலேதான் காணவேண்டும். அதனை எழுதிய பிரசுரம் எது?

கின்கெய்டின் நூலில் நமக்குக் குறையாகப் படுவதும் இதனோடு தொடர்புடையது. அவர் பிரயாணியை விசாரிக்கிறார். பழைய ஆங்கில ஆட்சியை விசாரிக்கிறார். விடுதலைபெற்ற தீவின் ஊழல் ஆட்சியாளரையும் விட்டுவைக்கவில்லை. இம்மூன்றாவது துணிவு நம் நாட்டு எழுத்தாளர் பலரிடம் இல்லாதது. ஆனால் படுக்கை விரிக்கும் பெண், தட்டேந்தும் இளைஞன் ஆகியோரின் வாய்மொழியை நாம் நூலில் அதிகம் கேட்கவில்லை. 1939இல் அமைந்த அன்ரிகுவாத் தொழிற்சங்கத்தின் தலைவராய்த் தோட்ட முதலாளிகளை எதிர்த்த வீ. சி. பேர்டே பின்னர் பிரதமரானார். அவர் குடும்பத்தின் ஆட்சி 2004 வரை நிலவியது. தொழிற்சங்கத் தலைவர் ஆளுங் குடும்பத்தின் தலைவராக மாறியது எவ்வாறு? இடதுசாரி வாசகருக்கு மிகவும் வேண்டிய இவ்வினாவுக்கு நூலிற் சினம் விடையாகிறதே தவிர, ஆராய்ச்சி விடையாகவில்லை. எண்பது பக்கங்களுக்குச் சற்று மேற்பட்ட நூலிடம் அனைத்தையும் எதிர்பார்ப்பது நியாயமன்று என்று வாதிடலாம். அதனை ஓரளவு ஒப்புக்கொள்கிறோம்.

இறுதியாக, இந்நூலைத் தமிழிற் பெயர்க்க முனைவோர் ஒரு சிக்கலை முதலில் தீர்க்கவேண்டும். பிரயாணியை ஆசிரியர் முன்னிலையிலேயே வைத்துப் பேசுகிறார். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல்லே உண்டு. நம்மிடம் நீயும் உண்டு, நீங்களும் உண்டு. ‘நீ’ என்றால் வெறும் வசையாகிவிடும். விடுதித் தொழிலுக்குச் செல்லும் இளைஞர் முதலிற் பழகும் பணிவு மொழி ‘நீங்கள்’. ஈழத்து வழக்கில் ஒத்தவர் ஒருவரையொருவர் அழைக்க ‘நீர்’ என்றொரு சொல் உயிரோடிருக்கிறது. அதனையே ஆளலாம் என்பது எமது கருத்து.