முப்பது குரோமோசோமும் என் பழைய குறிப்பும்

சில வருடங்களுக்கு முன் என் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: "டிரிப்ளாய்டு ஹாப்ஸ்: குரோமோசோம் கூடுதல், அதனால பூ பெரிசு, விளைச்சல் ஜாஸ்தி." போன வாரம் பழைய குறிப்புகளைப் புரட்டியபோது அது கண்ணில் பட்டது. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அந்த வரி முழுப் பொய் இல்லை. ஆனால் முக்கியமான விஷயம் எதுவும் அதில் இல்லை. ஹாப்ஸ் பற்றிப் பொதுவாசகர்களுக்கு எழுதப்படும் கட்டுரைகள் பலவும் இதே வரியைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்கின்றன. அதனால் இந்தக் குறிப்பு எனக்கான திருத்தம், அந்தக் கதை சொல்லும் முறைமீது ஒரு விமர்சனமும்கூட.

முதலில் அடிப்படை. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது ஹாப்ஸ் கொடியின் பெண் பூ. ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. சாதாரணக் கொடியில் பத்துப் பத்தாக இரண்டு செட், மொத்தம் 20 குரோமோசோம். பக்கத்தில் ஆண் கொடி இருந்தால் மகரந்தம் காற்றில் வந்து பெண் பூவில் விதை பிடிக்கும். விதை எடையைக் கூட்டும், ஆனால் பீர் காய்ச்சுபவர்களுக்கு அது வேண்டாத சுமை. ஜெர்மனியில் ஹாப்ஸ் வட்டாரங்களில் ஆண் கொடியையே விட்டுவைப்பதில்லை. இங்கிலாந்தில் விதையைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவின் ஆரிகனிலும் 'ஃபகிள்' என்ற ஆங்கிலேய ரகம் விதையோடுதான் விளைந்தது. பெரிய பீர் கம்பெனிகள் விதையில்லாத ஹாப்ஸ் கேட்டபோது சிக்கல் வந்தது. விதையை எடுத்தால் எடையும் போய்விடும், விவசாயிக்குக் கட்டுப்படியாகாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஆரிகனில் அமெரிக்க வேளாண் துறைக்காக வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஹவுனோல்ட். ஃபகிளைக் கோல்ச்சிசினில் நனைத்து குரோமோசோமை 40 ஆக்கினார்கள். கோல்ச்சிசின் வேறெதுவும் இல்லை, நம்ம ஊர் கண்வலிக்கிழங்கு விதையில் இருக்கிற அதே நஞ்சுதான். செல் பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் இழைகளை அது கட்டவிடாது. பிரிய வேண்டியவை ஒரே செல்லில் தங்கிவிடும். இந்த 40-ஐத் தாயாக வைத்து, சாதாரண 20 உள்ள ஆணோடு சேர்த்தால் பிள்ளைக்கு 20 + 10 = 30. மூன்று செட். ஜோடி சேர முடியாத மூன்றாவது செட்டால் இனப்பெருக்க செல்கள் குளறுபடியாகும், ஆகவே விதை கிட்டத்தட்ட இல்லை. 1976-ல் வெளியான வில்லாமெட் ரகம் இப்படித்தான் வந்தது. பூவன், ரஸ்தாளி வாழைக்கும் மூன்று செட்தான். அங்கே இயற்கை செய்ததை இங்கே மனிதர் திட்டம் போட்டுச் செய்தார்கள்.

பொதுவான கதை இங்கே நின்றுவிடுகிறது: விதையில்லை, பூ பெரிது, சுபம். என் புகார் இதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது.

"குரோமோசோம் கூடினால் நல்லது" என்பது உண்மையானால், 40 உள்ள செடிதானே ஜெயித்திருக்க வேண்டும்? அது பெரும்பாலும் தாயாக மட்டுமே பயன்பட்டது. ஆக, எண்ணிக்கை அல்ல, பங்கீடுதான் விஷயம். சாதாரணக் கலப்பில் தாய் பாதி, தந்தை பாதி. இங்கே தாய்க்கு மூன்றில் இரண்டு பங்கு. வில்லாமெட்டின் தந்தையும் ஃபகிளின் பிள்ளைதான் என்பதால், கணக்குப் போட்டால் முப்பதில் சராசரியாக இருபத்தைந்து ஃபகிளிலிருந்து வந்தவை.

இதைவிட நுட்பமான ஒன்றும் இருக்கிறது. எனக்கே இது புரிய நாளாயிற்று. ஹாப்ஸை ஒட்டுமொத்தமாகத் தண்டிலிருந்துதான் பெருக்குகிறார்கள். ஃபகிளின் ஒரு மரபணுவுக்கு இரண்டு வடிவங்கள் இருந்து, இரண்டும் சேர்ந்துதான் அந்த மணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கலப்பில் தாய் ஒன்றைத்தான் கொடுக்க முடியும், ஜோடி உடைந்துவிடும். இரட்டித்த தாயிடம் நான்கு சீட்டு இருக்கிறது: இரண்டு சிவப்பு, இரண்டு கறுப்பு. கண்ணை மூடி இரண்டு எடுத்தால், ஆறு வாய்ப்பில் நான்கில் ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் வரும். அதாவது பழைய ஜோடி மூன்றில் இரண்டு தடவை உடையாமலே பிள்ளைக்குப் போகிறது. ருசி மாறாமல் விதையை மட்டும் கழட்டுகிற வித்தை இதுதான். "பூ பெரிசு" என்று எழுதியவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அப்படியானால் இது புதிய ரகமா, பழையதன் திருத்திய பதிப்பா? என் பார்வையில் இரண்டாவது. அதில் குறையொன்றுமில்லை. ஆனால் விற்கும்போது அந்த நேர்மை காணாமல் போகிறது. ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ என்ற ஜெர்மன் ரகத்தை இதே முறையில் இரட்டித்து, 1989-ல் மவுண்ட் ஹூட், பின்னாலேயே லிபர்ட்டி, கிரிஸ்டல், அல்ட்ரா என்று வரிசையாக வந்தன. ஒரே தாயின் பிள்ளைகள். நான்கையும் "ஹாலர்டாவுக்குப் பதில்" என்ற ஒரே கட்டத்துக்குள் அடைக்கிற பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். தாய் கொடுக்கிற மீதி மூன்றில் ஒரு தடவையும், தந்தை கொடுக்கிற பத்தும், மண்ணும் சேர்ந்து நான்கையும் வேறு வேறாக்குகின்றன. அக்கா தங்கைகளை ஆள்மாற்றிக் கூப்பிடுவது மாதிரி இது.

முறையே விளைவைத் தீர்மானிக்கும் என்று சொல்வதும் தப்பு. நியூசிலாந்தில் 2000-ல் வந்த நெல்சன் சாவினும் டிரிப்ளாய்டுதான். அதன் குடும்பத்தில் ஸ்மூத்கோன் என்ற பழைய ரகம் இருக்கிறது. ஆனால் யாரும் அதை ஸ்மூத்கோனின் நகல் என்று சொல்வதில்லை. வெள்ளை ஒயின் திராட்சையை நினைவூட்டும் மணத்துக்காகவே அந்தப் பெயர். ஆரிகனில் பழையதைக் காப்பாற்றிய அதே 30, அங்கே யாரும் முகராத ஒன்றைக் கொண்டு வந்தது.

கடைசியாக, விலை. விதையில்லை என்றால் சந்ததியும் இல்லை. வில்லாமெட்டைத் தாயாக வைத்து அடுத்த படி ஏற முடியாது. புதிதாக ஒரு நோய் வந்தால் திரும்பவும் பழைய பெற்றோரிடமே போக வேண்டும். சந்தையிலும் அந்த ரகம் ஒரே பெரிய வாங்குபவரை நம்பி நின்றது. 2008-ல் ஆன்ஹைசர்-புஷ் கைமாறியதும் வில்லாமெட் தோட்டங்கள் மளமளவென்று சுருங்கின. குரோமோசோம் எண்ணிக்கை அதைக் காப்பாற்றவில்லை. பெற்றோர் கொடிகளைச் சேகரிப்பில் பத்திரமாக வைத்திருப்பது ஏன் முக்கியம் என்பதை இந்தக் கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விடுவதுதான் அந்தக் கட்டுரைகளின் பெரிய குறை.

பழைய வரியை அடித்துவிட்டு இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "டிரிப்ளாய்டு ஹாப்ஸ்: தாயின் ஜோடியைப் பெரும்பாலும் உடையாமல் கொண்டுபோகும், விதையைக் கழட்டும், அங்கேயே முடிந்துவிடும். தாயைத் தொலைத்துவிடக் கூடாது."