கல்யாண மண்டபத்தில் ஒரு குரூப் ஷோ

பேச்சில் வேப்பனப்பள்ளி. சட்டசபைத் தொகுதிப் பட்டியலில் வேப்பனஹள்ளி. எப்படி எழுதுவது என்ற குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அந்த ஓரத்தில் ஊர்ப் பெயரே இரண்டு மொழி பேசுகிறது. ஒரு பக்கம் ஆந்திராவின் குப்பம், இன்னொரு பக்கம் கர்நாடகா. டீக்கடையில் தமிழில் டீ கேட்கிறவர், 'சர்க்கரை கம்மி' என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு, கன்னடத்தில் போனுக்குப் பதில் சொல்கிறார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த ஊரில் ஓவியக் கண்காட்சி என்றால் நம்புவீர்களா? நானும் நம்பாமல்தான் போனேன். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால். ஆறு பையன்கள். நாலு பேருக்கு ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் வேலை, ஒருவர் டிராயிங் மாஸ்டர், ஒருவர் பேனர் எழுதுகிறவர். சுவரில் ஆணி அடிக்க மேனேஜர் விடவில்லை. அதனால் சாப்பாட்டு மேஜைகளை நிமிர்த்தி, அதில் படங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். முதல் நாள் ரசத்தின் வாசனை இன்னும் போகவில்லை.

என்னை அழைத்த பையன் கொஞ்சம் சங்கடத்தோடுதான் வரவேற்றான். "இதெல்லாம் சும்மாண்ணா. லோக்கல் குரூப் ஷோ. பயோடேட்டால போட்டாக்கூட யாரும் மதிக்க மாட்டாங்க. மெட்ராஸ்லயோ பெங்களூர்லயோ ஒரு ஒன் மேன் ஷோ வெச்சாதான் ஆர்ட்டிஸ்ட்டுன்னு சொல்லுவாங்க."

அவன் சொன்னது தப்பில்லை. ஓவியர்களின் பயோடேட்டாவைப் பார்த்திருக்கிறீர்களா? தனிக்காட்சிகள் மேலே, விருதுகள் அதற்கும் மேலே. உள்ளூர்க் குழுக் கண்காட்சிகள் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும், ஏழைச் சொந்தக்காரர்களின் மொய் மாதிரி. பேர் வந்த பிறகு அதையும் தூக்கிவிடுகிறார்கள்.

இந்த வரிசையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் கட்சிக்குச் சாட்சியாக ஒரு ஓவியரைக் கூப்பிடுகிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். தா. சனாதனன்.

1969-ல் பிறந்தவர். டெல்லியில் ஓவியம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு சொல்லித்தருபவர். 2002-ல் போர்நிறுத்தம் வந்து, ஏ-9 சாலை திறந்து, தெற்கிலிருந்து மனிதர்கள் வடக்கே வர முடிந்த கொஞ்ச காலத்தில், 2004-ல் யாழ்ப்பாணத்தில் ஒரு குழுக் கண்காட்சி நடந்தது. பெயர் 'அகம்-புறம்'. கொழும்பில் இயங்கும் 'தீர்த்த' என்ற கலைஞர் குழு இதில் கை கோத்தது. சிங்கள ஓவியர்களும் தமிழ் ஓவியர்களும் ஒரே கூரைக்குக் கீழே.

எந்தக் கூரை என்பதுதான் விஷயம். யாழ்ப்பாணப் பொது நூலகம்! 1981-ல் எரிக்கப்பட்டதே, சுமார் 97 ஆயிரம் புத்தகங்களோடு, அதே நூலகம். புதுப்பித்து வெள்ளையடித்த கட்டடம்.

அங்கே சனாதனன் வைத்தது கேன்வாஸ் அல்ல. ஊர் மக்களிடம் போய், அவரவர் வாழ்க்கையைச் சொல்லும் பொருள் ஒன்றைக் கேட்டு வாங்கி, நூற்றுக்கணக்கில் சேர்த்து அடுக்கினார். வரலாறுகளின் வரலாறு என்று அர்த்தம் வரும்படி அதற்கு ஆங்கிலத்தில் பெயர். ஒரு நூலகம் நெருப்பில் இழந்ததை அந்த ஊரின் வீடுகள் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்து அடுக்கின மாதிரி. புத்தக அலமாரி இருக்க வேண்டிய இடத்தில் வீட்டுச் சாமான்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பொருளைக் கொடுத்தவரே பார்வையாளராக வந்து நிற்கிறார். விளக்க அட்டை அவருக்குத் தேவையில்லை. அவரே விளக்க அட்டை. எந்தப் பெரிய கேலரியில் இது நடக்கும்?

அதற்குப் பிறகு சனாதனன் நிறையப் போய்வந்தார். 2010-ல் கனடாவின் வான்கூவரில், மானுடவியல் அருங்காட்சியகத்தில். கண்காட்சியின் பெயரைத் தமிழில் சொன்னால் 'எல்லை வலயங்கள்'. (வேப்பனப்பள்ளிக்குப் பொருத்தமான தலைப்பு!) அங்கே புலம்பெயர்ந்த தமிழர்களிடம் போய் அதே மாதிரி பொருட்கள் கேட்டார். 2016 கொச்சி பினாலேயில், நூலகங்களில் முன்பு கார்டு போட்டு வைப்பார்களே, அந்தச் சின்னச் சின்ன இழுப்பறை அலமாரியை வைத்து, போர்க்காலத்தில் சாதாரண மனிதர்கள் சமாளித்துப் பிழைத்த கதைகளைக் கார்டுகளில் அடுக்கினார். இழுத்துப் படிக்கலாம்.

எனக்கு இந்த ஓவியர் முதலில் அறிமுகமானது 2011-ல் வந்த 'முற்றுப்பெறாத தோம்பு' புத்தகத்தின் மூலம். தோம்பு என்றால் டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடு. போரில் வீட்டை விட்டு ஓடியவர்களிடம் பேப்பரைக் கொடுத்து, விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரையச் சொல்லியிருக்கிறார். கிணறு இங்கே, மாமரம் இங்கே, சாமி அறை இங்கே. பிறகு ஒரு கட்டடக்கலைஞர் அதை ஒழுங்காக ஸ்கேல் வைத்துத் திருப்பி வரைகிறார். கூடவே சனாதனனின் ஓவியம். நேராகச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் புத்தகத்தில் என்னை அசைத்தது சனாதனனின் ஓவியங்கள் அல்ல. வரையத் தெரியாத கைகள் போட்ட அந்தக் கோணல் கோடுகள்தான். இதை அவருடைய தோல்வியாகச் சொல்லவில்லை. தன் கோட்டைவிட இன்னொருவர் கோடு பேசட்டும் என்று பக்கத்தில் இடம் விட ஓர் ஓவியருக்கு மனசு வேண்டும். ஒன் மேன் ஷோ புத்தியில் அது வராது. கூட்டத்தில் ஒருவராக நின்று பழகியவருக்குத்தான் வரும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பினாலே, பினாலே என்கிறார்களே, அது என்ன? நூறு பேர் சேர்ந்து வைக்கும் குரூப் ஷோதானே! பாஸ்போர்ட் உள்ள குரூப் ஷோ.

அப்படியென்றால் உள்ளூர்க் குழுக் கண்காட்சி எல்லாமே உசத்தியா என்றால், இல்லை சார். முக்கால்வாசி பார்க்க முடியாது. மண்டபத்து வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ள நாலு பேர் சேர்வது ஒரு குழுவா? ஒருவர் பிள்ளையார், ஒருவர் எம்.ஜி.ஆர்., ஒருவர் புரியாத நீலம். ரிப்பன் வெட்டுகிறவர் பொன்னாடையோடு இரண்டு நிமிஷத்தில் ஒரு சுற்று வந்துவிட்டு, 'பிரமாதம்' என்று நோட்டில் எழுதிவிட்டுக் கார் ஏறுகிறார். 'இந்தப் படம் சரியில்லை' என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த தடவை அழைப்பிதழ் வராது. 'அகம்-புறம்' நின்றதற்குக் காரணம், அங்கே எல்லோரையும் ஒரே ஹாலில் நிறுத்தும் ஒரு கேள்வி இருந்தது. அதுவரை ஒருவரை ஒருவர் செய்தித்தாளில் மட்டும் பார்த்த இரண்டு பக்கமும், ஒருவர் படத்துக்கு முன்னால் இன்னொருவர் நிற்க வேண்டியிருந்தது.

இந்தப் பையன்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரிய சந்தை பெங்களூர் சித்ர சந்தே. சித்ரகலா பரிஷத் நடத்துவது. வருஷத்தில் ஒரு நாள் குமாரகிருபா ரோட்டை மறித்து, ஆயிரம் பேருக்கு மேல் பிளாட்பாரத்தில் படம் விற்கிறார்கள். அங்கே கடை போடுங்கள், தப்பே இல்லை. கலர் டியூப் என்ன விலை விற்கிறது! ஆனால் அந்தக் கூட்டத்தில் 'எவ்வளவு?' என்று கேட்பார்களே தவிர, 'இது எங்க கொல்லை ஆச்சே' என்று யாரும் சொல்லப்போவதில்லை.

நம் மண்டபத்தில் சொன்னார்கள். அந்தப் பையன் வரைந்திருந்தது யானை. நிலா வெளிச்சத்தில் ராகிக் கொல்லைக்குள் துதிக்கையைத் தூக்கிப் பிளிறிக்கொண்டு வருகிறது. நல்ல பெரிய சைஸ். எனக்குப் பிடித்திருந்தது, பாராட்டியும் வைத்தேன். பாத்திரம் கழுவ வந்த அவ்வா ஒருத்தர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"ஏம்பா, இது நீ போட்டதா?"

"ஆமா அவ்வா."

"யானை இப்படிக் கத்திக்கிட்டு வராதுப்பா. வர்றதே தெரியாது. காலையில போய்ப் பாத்தா கொல்லையில ஒண்ணும் இருக்காது. அவ்ளோதான்."

பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கொஞ்ச நேரம் கழித்து அவரைத் தேடிப் பின்பக்கம் போனான். குழாயடியில் இரண்டு பேரும் தெலுங்கில் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கையை வைத்து உயரம் காட்டினார், தரையைக் காட்டினார்.

படம் விற்கவில்லை. அடுத்த வருஷமும் அதே மண்டபத்தைக் கேட்டிருக்கிறார்களாம். வாடகையில் என் பங்கு ஐந்நூறு ரூபாய் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.