காதுக்கு எட்டும் பழுதும் எட்டாத பழுதும்

வார இறுதியில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாய்ந்து வரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் சில, பெரிய முதலியார்சாவடியில் ஆரோவில் பக்கம் திரும்பி, குயிலாப்பாளையம் கடைத்தெருவில் ஊர்ந்து போகும். அந்தத் தெருவின் பட்டறைகள் இருசக்கர வண்டிகளுக்கானவை. ஆனால் அத்தகைய காரில் இன்ஜின் சத்தம் மாறும்போது கேட்க வேண்டிய கேள்விகளை அந்தப் பட்டறைகள் நெடுநாளாகக் கேட்டுவருகின்றன. ஊர் திரும்பிய விருந்தினர்கள் விட்டுச்சென்ற வண்டிகள் மாதக்கணக்கில் நிற்கும் இடம் அது. ஓடித் தேய்வது ஒரு வகை, நின்று கெடுவது இன்னொரு வகை என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1955 முதல் சென்னையில் உருவான புல்லட்தான் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளின் காதைப் பழக்கியது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் டேப்பட் இடைவெளியைக் கையால்தான் வைக்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடு விரலுக்குத் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. நீண்ட திருப்புளியின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்கும் பழக்கமும் அவர்களிடம் உண்டு. இந்த முறையை நான் மதிக்கிறேன். சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைச் சில நிமிடங்களில் குறுக்கித் தருவதில் இதற்கு ஈடான மலிவான வழி இல்லை.

அதைவிட மதிப்பானது தாளத்தைப் பிடிப்பது. நான்கு வீச்சு இன்ஜினில் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை சுற்றும். ஐட்லிங்கில் 800 சுற்று என்றால், ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை திறக்கும். அந்த வேகத்தில் ‘டிக் டிக்’ என்று கேட்டால் பார்வை மேல்பக்கம் போக வேண்டும். கிராங்க் வேகத்தில் கனமாக இடித்தால் கீழே போக வேண்டும். கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் நின்றாலோ மாறினாலோ இன்ஜினை விட்டுவிட்டுக் கியர்பாக்ஸ் பக்கம் பார்க்கலாம். ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திக் கேட்கும்போது ஏதாவது ஒன்றில் இடி தணிந்தால், அந்தக் கனெக்டிங் ராடு பேரிங் மீது சந்தேகம் வலுக்கும். (ஸ்பார்க்கை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் கெடுக்கும். இன்ஜெக்டரை நிறுத்துவதே நல்லது.)

இந்த முறையின் பெரிய குறை, கேட்ட சத்தத்துக்கு உடனே ஒரு பாகத்தின் பெயரைச் சூட்டிவிடுவது. ஒரே ‘டிக் டிக்’ நான்கு காரணங்களால் வரலாம். வாரக்கணக்கில் நின்ற காரின் ஹைட்ராலிக் டேப்பட்டில் ஆயில் வடிந்திருக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் உலோகம் சூடாகி விரிந்ததும் சத்தம் அடங்கும். நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் இன்ஜெக்டர்கள் இயல்பாகவே அப்படித்தான் ஒலிக்கும். ஃபோர்ஜ் செய்த பிஸ்டனுக்குக் கூடுதல் இடைவெளி தேவை என்பதால், குளிர்ந்த இன்ஜினில் அது சிலிண்டர் சுவரைத் தட்டுவதும் உண்டு. முதலாவது நீடித்தால்தான் பழுது, இரண்டாவது பழுது, பின்னவை இரண்டும் இயல்பு. கடற்காற்றில் துருப்பிடித்துத் தளர்ந்த சைலன்சர் வெப்பத்தடுப்புத் தகடு எழுப்பும் சத்தத்தை பேரிங் போய்விட்டதாக எண்ணி அலறியவர்களும் உண்டு.

ஸ்போர்ட்ஸ் காரில் இன்னொரு தடங்கலும் இருக்கிறது. ஓட்டுபவர் கேட்பது இன்ஜினின் சொந்தக் குரலாக இல்லாமலும் போகலாம். 2011இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ எம்5, இன்ஜின் ஒலியை ஸ்பீக்கர் வழியாகவும் ஒலிக்கவைத்தது. இருக்கைக்குப் பின்னால் இன்ஜின் உள்ள கார்களில் தடுப்புச் சுவரும் சேர்ந்து அதிரும். இந்த நிலையில் வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவை அனுப்பி, ‘என்ன கோளாறு?’ என்று கேட்பது இப்போது பரவியிருக்கிறது. போன் மைக் கனத்த ஒலியைக் குறைத்து, கூர்மையான ஒலியை முன்னால் தள்ளும். இடிப்பது மறைந்து தட்டுவது மட்டும் கேட்கும். அந்தப் பதிவை நம்பி இன்ஜினைப் பிரிக்கச் சொல்வது பொறுப்பற்ற செயல்.

எல்லாவற்றையும்விட மனதை முன்கூட்டியே வளைப்பது ஓடோமீட்டர். குறைவாக ஓடிய கார் என்றால் உள்ளே தேய்மானம் இருக்காது என்று நினைத்துக்கொண்டே காது கேட்கிறது. ஆனால் குறுகிய தூரம் மட்டும் ஓடும் காரில் ஆயில் முழுச் சூட்டை அடைவதில்லை. அதில் சேர்ந்த தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கி அமிலத்தன்மை கூடும். எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் ஈரத்தையும் இழுக்கும். போர்ஷே 911, பாக்ஸ்டர் கார்களின் ஐஎம்எஸ் (இன்டர்மீடியட் ஷாஃப்ட்) பேரிங் பிரச்சினை இதற்குக் கடுமையான உதாரணம். 2001 முதல் 2005 வரை தயாரான கார்களுக்காக அமெரிக்காவில் கூட்டு வழக்கு நடந்து, 2013இல் சமரசம் ஏற்பட்டது. அதிகம் ஓடாமல் நின்ற கார்களில் இந்த பேரிங் எளிதில் போகிறது என்பது அவற்றைப் பழுதுபார்ப்போர் பலரின் அனுபவம். பல நேரங்களில் அது பெரிய சத்தமாக எச்சரிக்காமலே உடைகிறது. ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தவர்களுக்கே உலோகத் துகள் முதலில் தெரிந்தது.

கம்ப்யூட்டர் ஸ்கேனர் இந்த இடைவெளியை நிரப்பிவிடும் என்று நம்புவதும் தவறு. மிஸ்ஃபயர், கேம் டைமிங் விலகல், நாக் சென்சாரால் ஸ்பார்க் நேரம் எத்தனை டிகிரி பின்னுக்குப் போனது என்பதையெல்லாம் அது சொல்லும். ‘ராடு பேரிங் தேய்ந்தது’ என்று நேரடியாகச் சொல்லும் பொதுவான பிழைக் குறியீடு கிடையாது. எனவே எங்கே தேடுவது என்பதைக் காது தீர்மானிக்கட்டும், சோதனை இந்த வரிசையில் நடக்கட்டும்: பழைய பெட்ரோலை மாற்றுவது, ஆயில் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளப்பது, ஃபில்டரை அறுப்பது, பிறகுதான் பிரிப்பது. கனத்த இடி கேட்டால் மட்டும் இந்த வரிசைக்கு முன்பே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ‘இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கேட்போம்’ என்பதற்குள் கிராங்க் கெட்டுவிடக்கூடும்.

பழைய காரை வாங்கப்போகிறவருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. வரி குறைவு என்பதால் பல சொகுசுக் கார்கள் புதுச்சேரிப் பதிவெண்ணோடு கைமாறுகின்றன, பெரும்பாலும் ‘ஓட்டமே இல்லை சார்’ என்ற சொல்லோடு. கிலோமீட்டரைக் கேட்பதற்கு முன் ஆண்டுதோறும் ஆயில் மாற்றிய பில்லைக் கேட்க வேண்டும். பானட்டைத் திறந்து, கையை அருகில் கொண்டுபோய் இன்ஜினில் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர் ஸ்டார்ட்டில்தான் டேப்பட்டும் செயினும் பிஸ்டனும் தங்கள் நிலையைச் சொல்லும், விற்பவருக்கும் அது தெரியும். சூடாக இருந்தால் அன்று விலை பேச வேண்டாம். மறுநாள் காலை, யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பலாம்.