இருப்புப்பாதை நூல்களும் இடம்பெறாத பெயர்களும்

ஐயம் தோன்றும்போது எடுத்துப் புரட்டுவதற்கென்றே அமைந்தவை துணைநூல்கள். எச்சொல்லைத் தேடினால் விடை கிடைக்கிறது, எச்சொல்லைத் தேடினால் வெறுங்கையோடு திரும்புகிறோம் என்று பார்த்தே அவற்றின் பயனை அளக்க வேண்டும். இருப்புப்பாதை வரலாறு பற்றிய ஆங்கில நூல்களையும் நாம் இவ்வாறே மதிப்பிடுதல் தகும்.

ஜார்ஜ் ஆட்லி 1965இல் வெளியிட்ட பிரிட்டிஷ் ரயில்வே வரலாற்று நூற்பட்டியல் அயராத உழைப்பின் விளைவு. ஜான் மார்ஷல் தொகுத்த ரயில்வே பொறியாளர் வாழ்க்கை அகராதி 1978இல் வந்து, 2003இல் மறுபதிப்புக் கண்டது. பொறியாளர் எங்கே பிறந்தார், யாரிடம் பயின்றார், எந்தப் பாதையை அமைத்தார், எப்போது மறைந்தார் என்பதைச் சில வரிகளில் அது கூறிவிடும். இத்தகைய ஒழுங்கு பாராட்டத்தக்கது. நாம் கற்றுக்கொள்ளவும் தக்கது.

மலாயாவுக்கு வருவோம். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குச் சென்ற முதல் பாதை 1885 ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. சுமார் 8 மைல் நீளமுள்ள அதை அமைத்தவர்கள் இலங்கைப் பயனியர் படையினர். படையின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. மண் வெட்டியவரின் பெயர் நிலைக்கவில்லை. மலாயாவைப் பற்றி 1908இல் ரைட், கார்ட்ரைட் இருவரும் பதிப்பித்த பெருநூலில் அதிகாரிகள், துரைமார், வணிகர் ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்புகளும் படங்களும் பக்கம் பக்கமாக உள்ளன. சிலிப்பர் கட்டை சுமந்தவனுக்கு அங்கே தனித் தலைப்பு ஏது?

டுரியான் துங்கால் வட்டாரத்தார்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குச் சென்ற கிளைப்பாதை 1905இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைச் சயாம்–பர்மாப் பாதைக்கெனக் கழற்றிச் சென்றனர். இன்றும் இவ்வட்டாரத்தார் புகைவண்டி ஏறப் புலாவ் செபாங் வரை செல்ல வேண்டியுள்ளது. தண்டவாளம் போன திசையிலேயே தோட்டத்து ஆட்களும் கொண்டுபோகப்பட்டனர். 1942–43இல் அமைந்த, 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் ஏறத்தாழ 13,000 போர்க்கைதிகள் மாண்டனர். அவர்களுள் ஏராளமானோரின் பெயர்கள் காஞ்சனபுரி கல்லறைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. மாண்ட ஆசியத் தொழிலாளர் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என மதிப்பிடுகின்றனர். அங்கே எண் உண்டு; பெயர் இல்லை.

பொறியாளர் அகராதியில் தொழிலாளியைத் தேடுவது முறையா என்று சிலர் கேட்கலாம். முறையன்றுதான். தான் ஏற்ற பணியை அந்நூல் செவ்வனே செய்துள்ளது. அதையே முழு வரலாறு எனக் கொண்டு, நம் நூலை நாம் எழுதாதிருப்பதே குறை. கெர்னியல் சிங் சாந்து 1969இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் குடியேற்றத்தை எண்களால் விளக்கியது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அத்துயருக்கு முகம் தந்தது. ஆயினும் தாத்தாவின் பெயரைத் தேடும் பேரனுக்கு அட்டவணையும் போதாது, கதையும் போதாது.

வேண்டுவது பெயர் அகராதி ஒன்று. பெயர், சொந்த ஊர், தோட்டம், செய்த வேலை, போன ஆண்டு, திரும்பினாரா இல்லையா என்ற ஆறு செய்திகள் போதும். எஞ்சியுள்ள செக்ரோல் புத்தகங்கள், கோயில் கணக்குகள், கல்லறைக் கற்கள், முதியோர் வாய்மொழி ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்கித் தொகுக்கலாம். சான்று கிடைக்காத இடத்தைக் கற்பனையால் நிரப்பாமல் வெற்றிடமாகவே விடவேண்டும்.

இத்தகைய பணிக்குப் பெரிய பல்கலைக்கழகம் வேண்டுமென்பதில்லை. தோட்டத்துக்கு ஒரு குறிப்பேடும், அதை நிரப்பப் பொறுமையுள்ள இளைஞர் இருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குச் சிதறிவிட்ட இக்காலத்தில், சொல்லத் தெரிந்த முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றனர். ஏடுகளைப் பின்னரும் தேடலாம். அவர்களிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும்.