டேஞ்சரின் டிரீம்: முதனூலும் வழிநூலும்

தமிழாசிரியர்கள் விரும்பிப் படிக்கும் இப்பகுதியில் ஒரு செருமானிய மின்னணு இசைக் குழுவைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். பொருந்தும் என்பதே என் விடை. ஒரு படைப்பைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு? ஆக்கியோன் மறைந்தபின் அவன் பெயரால் பிறர் ஆக்குவது வழிநூலா, வெறும் போலியா? நன்னூற் பாயிரம் நடத்தும்போது இவ்வினாக்களை நாம் ஏட்டளவில் எழுப்பி ஏட்டளவில் விடுத்துவிடுகிறோம். ஓர் இசைக் குழுவின் அரை நூற்றாண்டு வாழ்விலோ அவை உயிரோடு எழுந்து நிற்கின்றன. ஆகவே எழுதத் துணிந்தேன்.

குழுவின் பெயர் டேஞ்சரின் டிரீம். ஆரஞ்சுக் கனவு என்று நம் மொழியில் கொள்ளலாம். 1967ஆம் ஆண்டில் மேற்குப் பெர்லினில் இதனைத் தொடங்கியவர் எட்கர் புரோசே. நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கிய 1944 ஜூன் 6ஆம் நாளிலேயே, அன்றைய கிழக்குப் பிரஷ்யாவின் டில்சிட் நகரில் பிறந்தவர் அவர். பெர்லினில் ஓவியமும் சிற்பமும் பயின்று, கித்தார் வாசித்து, ஸ்பெயின் நாட்டில் ஓவியர் சால்வடோர் டாலியின் முன்னிலையில் தம் பழைய குழுவோடு இசைத்தவர். பொருள்களை உருக்கி வளைத்துத் தீட்டிய அவ்வோவியரின் கையை இசையில் காண முடியுமா என்ற எண்ணம் அவருக்கு அங்கே தோன்றியது என்பர்.

இவ்விசையைச் ‘சைக்கடெலிக்’ என்று மேனாட்டார் வகைப்படுத்துவர். அச்சொல்லைக் கேட்டதும் போதைப் பொருளின் நினைவு வருவது இயல்பு. அக்காலத்து இளைஞர் கூட்டத்தில் அது இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அதனை நான் போற்றவும் இல்லை. ஆனால் கிரேக்க வேரைப் பார்த்தால் உள்ளத்தைப் புலப்படுத்துவது என்பதே அச்சொல்லின் பொருள். அந்த அளவில் அச்சொல்லை ஏற்கலாம். ‘ஆம்பியன்ட்’ என்னும் மற்றொரு பெயரைப் பிரையன் ஈனோ 1978இல் தம் இசைத்தட்டு ஒன்றுக்கு இட்டு வழக்கில் நிறுத்தினார். கூர்ந்து கேட்பார்க்கு இசையாகவும், கேளாதார்க்கு அறையின் காற்றைப் போலவும் நிற்பது அவ்வகை. பெயர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பெர்லினில் அது பிறந்துவிட்டது.

பிறந்த விதம் வியப்பானது. 1970இல் வெளிவந்த முதல் இசைத்தட்டாகிய ‘எலெக்ட்ரானிக் மெடிடேஷ’னில் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவி ஒன்றுகூட இல்லை! புரோசே, கிளாவுஸ் சூல்சே, கொன்ராட் ஷ்னிட்ஸ்லர் ஆகியோர் 1969இல் ஒரு தொழிற்கூடத்தில் இருந்து பதிவு செய்தது அது. கித்தார், செல்லோ, முரசு, ஆர்கன் ஆகியவற்றோடு உடையும் கண்ணாடியும், சல்லடையில் குலுக்கிய உலர்ந்த பட்டாணியும் அங்கே வாத்தியங்கள். நான் அதனை இருமுறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்க மனம் வரவில்லை. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. கருவி வருமுன்னரே கருவிக்கான பசி அவர்களிடம் இருந்தது.

1972இல் வந்த ‘சைட்’ இரட்டைத் தட்டு. சைட் என்றால் செருமன் மொழியில் காலம். நான்கு பக்கத்துக்கு நான்கு பகுதிகள். ஏறத்தாழ 75 நிமிடம். தாளம் என்பதே இல்லை. நான்கு செல்லோக்கள் இழைந்து தொடங்க, மின்னொலிகள் மெல்லப் புகுந்து, எதுவும் நிகழாததுபோல நிகழ்ந்துகொண்டிருக்கும். கச்சேரி தொடங்குமுன் தம்பூராவை மட்டும் ஒரு நாழிகை கேட்கும் பொறுமை உடையவர்க்கு இது கைகூடும். மற்றவர்க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து வந்த ‘ஆட்டெம்’ என்னும் தட்டை 1973இல் பிரிட்டிஷ் வானொலியாளர் ஜான் பீல் அவ்வாண்டின் சிறந்த தட்டு என்று பாராட்டினார். அதன் பயனாக வர்ஜின் நிறுவனம் அழைத்தது. புரோசே, கிறிஸ்தோபர் பிராங்கே, பீட்டர் பவுமன் ஆகிய மூவரும் அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்பர்டுஷயரில் இருந்த மேனர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றனர். அங்கே உருவானதுதான் 1974 பெப்ரவரியில் வெளிவந்த ‘பீட்ரா’. என் கட்டுரையின் நடுப்பொருள் இதுவே.

பிராங்கேயிடம் அப்போது ஒரு பெரிய மோக் கருவி இருந்தது. அதனோடு இணைந்தது சீக்வென்சர் என்னும் உறுப்பு. எட்டு எட்டாக மூன்று வரிசைத் திருகுகள்; ஒவ்வொரு திருகும் ஒரு மின்னழுத்தத்தை வைத்திருக்கும்; கருவி அவற்றை வரிசையாகத் தொட்டுச் செல்ல, அவ்வழுத்தங்கள் சுரங்களாக ஒலிக்கும். கை ஓயலாம், கருவி ஓயாது. ஆனால் சுரத்தை எழுப்பும் அலைவிகள் வெப்பத்துக்கு மிகவும் அஞ்சுபவை. அறை சூடேறினாலும், கருவியே சூடேறினாலும், சுருதி நழுவிவிடும். மேனரில் பிராங்கே ஒத்திகைபோலக் கருவியை ஓடவிட்டிருந்தார், ஒலிநாடாவும் ஓடிக்கொண்டிருந்தது. சூடேறச் சூடேற அலைவிகள் ஒன்றையொன்று விட்டு விலகின. நம் பாடகரானால் நிறுத்தித் தம்பூராவைத் திருத்தியிருப்பார். அவர்கள் நிறுத்தவில்லை. அந்த நாடாவையே வைத்துக்கொண்டு, அதன்மேல் குழலும் மெல்லட்ரானும் பிறவும் சேர்த்தனர். பதினேழு நிமிடத்துக்கு மேல் நீளும் அந்தத் தலைப்புப் பகுதி இவ்வாறு உருவாயிற்று.

கேட்டுப் பாருங்கள். முதலில் கருவி கட்டளைக்கு அடங்கிய வேலையாளைப்போல நடக்கும். சிறிது நேரத்தில் அதன் நடையில் ஓர் ஐயம் புகும். சுரங்கள் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா இல்லையா என்று செவி தடுமாறும். பிறகு நடை குலைந்து, ஆழத்துக்குள் இறங்கி, காற்றும் கடலும் போன்ற பேரொலியில் கரையும். காதலால் நிலைகுலைந்து மாண்ட கிரேக்க அரசியின் பெயர் இதற்கு எவ்வளவு பொருந்துகிறது! பெரிய விளம்பரம் இன்றியே இத்தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 15ஆம் இடம் வரை ஏறியது. மக்கள் செவி பல வேளைகளில் திறனாய்வாளர் செவியைவிட நேர்மையானது.

இங்கே என் தொழில் பற்றிய ஒரு சொல். பல ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன், மழை நாள் பற்றிய கட்டுரையில், மழை எங்கள் லயத்துக் கூரையில் பாடம் ஒப்பித்தது என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பலத்த மழை பெய்தது என்று மேலே எழுதினேன். ஒப்பித்தல் உயர்திணையின் வினை என்று விளக்கமும் தந்தேன். பையன் மறுப்புச் சொல்லாமல் திருத்தியதைத் தன் ஏட்டில் மூன்று முறை எழுதிக் காட்டினான். ‘பீட்ரா’வைக் கேட்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு மை என் கண்முன் வருகிறது.

நிற்க. ‘பீட்ரா’வுக்குப் பிந்திய வரலாற்றை விரைவாகச் சொல்லலாம். ‘ரூபிகான்’ (1975) அதே வழியில் இன்னும் திருந்திய நடை; பட்டியலில் 10ஆம் இடம். 1977இல் வில்லியம் பிரீட்கினின் ‘சார்சரர்’ படத்துக்கு இசையமைத்தனர், பவுமன் விலகினார். 1980 ஜனவரி 31ஆம் நாள் கிழக்குப் பெர்லினின் குடியரசு மாளிகையில் இசைத்தனர். மதிலுக்கு அப்பாலிருந்த மக்கள் கேட்ட முதல் மேற்கத்தியக் குழுக்களில் இதுவும் ஒன்று. அமெரிக்கத் திரைப்படங்கள் தொடர்ந்து அழைத்தன, பகுதிகள் சுருங்கின, எண்முறைக் கருவிகள் வந்தன. அவை சூட்டுக்கு அஞ்சாதவை. வைத்த சுரம் வைத்த இடத்தில் நிற்கும். பிராங்கேயும் 1987இல் விலகினார். 1990இல் புரோசேயின் மகன் ஜெரோம் சேர்ந்தார். அதன்பின் வந்த தட்டுகள் பல. எண்ணிக்கைக்கு ஏற்ற கனம் இல்லை. அவற்றையும் உயர்த்திப் பேசும் அன்பர்கள் உண்டு. வேலை செய்துகொண்டே கேட்க நன்றாக இருக்கின்றன என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இதற்கு எண்முறைக் கருவியே காரணம் என்று கூறிவிட்டால் வழக்கு எளிதாக முடிந்துவிடும். அது பிழை. கருவி அடங்கியதோடு குழுவும் அடங்கிவிட்டதே குறை. எதிர்பாராதது நேரும்போது அதற்கு இடம் கொடுத்த பழைய மனம் போயிற்று.

இதற்கு வலுவான சான்று 2005இல் கிடைத்தது. புரோசே தாமே ‘பீட்ரா’வைப் புதிய கருவிகளில் மீண்டும் ஆக்கி வெளியிட்டார். அவர் படைப்பு, அவர் உரிமை. அதைக் கேள்வி கேட்க நான் யார்? எனினும் கேட்பவன் என்ற முறையில் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஒலி பளிங்குபோலத் தெளிவு. ஒவ்வொரு சுரமும் நன்றாகத் துடைத்து வைத்த பாத்திரம்போல மின்னுகிறது. ஆனால் அந்தத் தடுமாற்றம்? என் செவிக்கு அது எட்டவில்லை. விபத்தை மனப்பாடம் செய்து நடித்துக் காட்டினாற்போல இருக்கிறது. பொருளில் முதனூலோடு ஒத்துநின்று, வழியில் தேவைக்கேற்ற மாற்றம் செய்துகொள்வது வழிநூல் என்று வகுப்பில் சொல்கிறோம். இங்கோ வடிவம் ஒத்திருக்கிறது, பொருள் போய்விட்டது. முதனூலாசிரியரே வந்து எழுதினாலும் அது வழிநூல் ஆகாமற் போகலாம் என்பதை நான் இதில்தான் கற்றேன்.

புரோசே 2015 ஜனவரி 20ஆம் நாள் வியன்னாவில் காலமானார். 2006 வரை உடன் வாசித்த மகன், தந்தையே அக்குழு, தந்தை போனபின் குழு இல்லை என்ற கருத்தை வெளிப்படையாகவே அறிவித்தார். துணைவியாரோ, கணவரின் விருப்பம் குழு தொடர்வதே என்று, தோர்ஸ்டன் குவேஷ்னிங், உல்ரிக் ஷ்னாவுஸ், ஜப்பானிய வயலின் கலைஞர் ஹோஷிகோ யாமானே ஆகியோரிடம் பொறுப்பை விட்டார். தொடங்கிய காலத்தவர் ஒருவரும் இல்லாத குழுவுக்கு அப்பெயர் தகுமா? மகனின் துயரத்தை நான் மதிக்கிறேன். குருதி உரிமையும் சிறிதன்று. முதலில் என் கட்சியும் மகன் கட்சியே. பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு கடை நடத்துகிறார்கள் என்று நண்பரிடம் ஏளனமாகச் சொன்னவன் நான்.

என் எண்ணத்தை மாற்றியது 2022இல் வெளிவந்த ‘ரவும்’. ரவும் என்றால் வெளி, இடம். ‘சைட்’ வந்து ஐம்பதாண்டு கழித்து, காலத்துக்கு இணையாக இடம்! நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று படித்த நமக்கு இப்பெயர் இனிக்கும். அவர்கள் நம்மை நினைத்து வைக்கவில்லை என்பது வேறு செய்தி. ஷ்னாவுஸ் 2020இல் விலக, அவ்விடத்தில் வந்த பவுல் பிரிக்கும் சேர்ந்து உழைத்த தட்டு இது. புரோசே விட்டுச்சென்ற கணினிக் குறிப்புகளையும், 1977 முதல் 2013 வரை அவர் சேர்த்து வைத்த ஒலிநாடாக்களையும் அவர்கள் மூலமாகக் கொண்டனர். ஆசிரியரின் ஏட்டுச்சுவடியை எடுத்து வைத்துக்கொண்டு மாணாக்கர் எழுதியதாகக் கொள்ளுங்கள். எல்லாப் பகுதிகளும் ஒரு தரமல்ல. சில இடங்களில் தாளம் முன்னே வந்து நின்று மறைக்கிறது. ஆயினும் இறுதியில் உள்ள நீண்ட தலைப்புப் பகுதியில், ஒரு தொடர் தொடங்கி, தன்னை மறந்து, வழி தவறிச் சென்று, வேறோர் இடத்தில் கண் விழிக்கிறது. 1974க்குப் பின் அக்குழுவின் தட்டில் அத்தகைய இடம் எனக்கு அரிதாகவே கிடைத்திருக்கிறது.

இக்குழுவினர் இன்று மேடையேறினால், எழுதி வைத்த உருப்படிகள் முடிந்தபின், ஒத்திகை பார்க்காத நீண்ட பகுதி ஒன்றை அங்கேயே படைத்து இசைக்கின்றனர். அவற்றைப் பதிவு செய்து ‘செஷன்ஸ்’ என்ற வரிசையாகவும் வெளியிடுகின்றனர். அவற்றில் சில சோர்ந்து விழுகின்றன. ஒருவர் மற்றவருக்காகக் காத்திருப்பதும், தவறான இடத்தில் நுழைந்து பின்வாங்குவதும் தெளிவாகக் கேட்கின்றன. அந்த இடங்களை அவர்கள் வெட்டவில்லை.