எடையும் வெளிச்சமும்

பளு தூக்குகிறவனைப் படமெடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு சிற்பத்தை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நானும் அப்படித்தான் திரும்பினேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு அவமானம் தேவைப்பட்டது.

சில வருஷங்களுக்கு முன் வடசென்னையில் ஒரு ஜிம்மில், மாநிலப் போட்டிகளுக்குப் போய்வரும் இளைஞன் ஒருவனை எடுத்தேன். பின்னால் கறுப்புத் துணி. கூரையிலிருந்த டியூப் லைட்டுகளை அணைத்துவிட்டு, அவனுக்குச் சற்றுப் பின்னே இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வொரு ஃப்ளாஷ். முகம் முழு இருட்டில் போய்விடாமலிருக்க முன்னால் ஒரு தெர்மோகோல் அட்டை. தோளிலும் தொடையிலும் எண்ணெய். 'கிளீன்' என்பதில் பாரைத் தோளில் வாங்கிக் குந்தி, பிறகு எழுந்திருக்கும் அந்தக் கட்டம் எனக்கு வேண்டியிருந்தது. முப்பது நாற்பது தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். 130 கிலோவைச் சுமந்துகொண்டு எவனும் அப்படிக் குந்தியிருக்க மாட்டான். ஆகவே, புதிதாக வருகிறவர்கள் முறை பழகுவதற்கென்று வைத்திருந்த இலேசான பிளாஸ்டிக் தட்டுகளை மாட்டினோம்.

படம் கறுப்பு வெள்ளை. போட்டித் தட்டுகளில் சிவப்பு 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. விட்டம் எல்லாவற்றுக்கும் 450 மில்லிமீட்டர்தான். பழகும் தட்டுகளும் அதே அளவு. நிறத்தை எடுத்துவிட்டால் எடையைப் படிக்க வழியில்லை. இது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

படம் ஒரு கண்காட்சியில் தொங்கியது. 'உழைப்பின் வேதனை', 'தசையின் மௌனம்' என்றெல்லாம் நண்பர்கள் சொன்னார்கள். அவனையும் கூப்பிட்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காமல், என் மரியாதையைக் காப்பாற்றுகிற குரலில், "சார், பார் நேரா இருக்கு" என்றான். 130 கிலோ ஏறினால் இரண்டு முனையும் தொய்யும். என் படத்தில் அது ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி இருந்தது. "கால் விரலும் சும்மா இருக்கு சார்" என்றும் சொன்னான். பிறகு கொஞ்சம் சிரித்தான்.

கலைக்கு எதற்குத் தராசு, உண்மையான எடை இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. வெறும் பாரைப் பிடிக்கச் சொன்னது என் உறுத்தலில் சிறுபகுதிதான். உண்மையிலேயே 130 கிலோ இருந்திருந்தாலும் என் வெளிச்சம் இதே படத்தைத்தான் தந்திருக்கும். அந்த வெளிச்சத்துக்கு எடை தேவைப்படவில்லை. என்னை உறுத்துவது அதுதான்.

பக்கவாட்டில் தடவிக்கொண்டு போகும் வெளிச்சம் செய்வது ஒரே காரியம். மேடு ஒவ்வொன்றும் தன் நிழலை அடுத்த பள்ளத்தில் போடும்படி பார்த்துக்கொள்கிறது. கோயில் தூணிலுள்ள யாளியை எடுக்கிறவன் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்துக்குக் காத்திருப்பது இதற்காகத்தான். கல்லுக்கு அது நியாயம். கல்லை அப்படியே மனித உடம்பின் மேல் ஏற்றியது யார் என்று தேடினால் சாண்டோவில் போய் நிற்கிறோம்.

யூஜின் சாண்டோ மேடையில் பளு தூக்கிப் பேர் வாங்கியவர். நம் மொழியில் அந்தப் பெயரே பட்டமாகி, சாண்டோ சின்னப்பா தேவர் வரைக்கும் வந்தது. 1894 மார்ச்சில், நியூஜெர்ஸியில் எடிசனின் 'பிளாக் மரியா' கூடத்தில் அவரைச் சலனப்படம் எடுத்தார்கள். தார்க்காகிதம் போர்த்திய கறுப்புக் கொட்டகை அது. கூரையைத் திறந்து வெயிலை உள்ளே விடுவார்கள். சூரியன் நகர நகரக் கொட்டகையையே வட்டத் தண்டவாளத்தில் திருப்பிக்கொள்வார்கள். ஒரு உடம்பின் மேல் வெளிச்சம் சரியாக விழுவதற்காக ஒரு கட்டடத்தையே சுழற்றியிருக்கிறார்கள்! ஒரு நிமிஷத்துக்கும் குறைவான அந்தப் படத்தில் சாண்டோ புஜத்தை மடக்குகிறார், முதுகைக் காட்டுகிறார், நெஞ்சை விரிக்கிறார். கையில் எடை ஏதும் இல்லை. தூக்குகிறவன் படத்துக்குள் வந்தபோது எடையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான். புகைப்படங்களுக்கு நிற்கும்போது உடம்பில் வெள்ளைப் பொடி பூசிப் பளிங்குச் சிலை மாதிரி ஆகிக்கொண்டவரும் அவர்தான்.

லெனி ரீஃபன்ஸ்டால் இதை முழுமைக்குக் கொண்டுபோனார். 1936 பெர்லின் போட்டிகளைப் பற்றிய 'ஒலிம்பியா' (1938) படத்தின் தொடக்கத்தில், தட்டெறியும் கிரேக்கச் சிலை கரைந்து உயிருள்ள மனிதனாகிறது. கடைசியில் உயரத்திலிருந்து குதிப்பவர்கள் வானத்துக்கு எதிரே வெறும் நிழலுருவங்களாகிறார்கள். தண்ணீரில் விழுவதைக்கூட அவர் காட்ட விரும்பவில்லை. பறக்கிறார்கள், மறுபடி பறக்கிறார்கள். இந்த சௌந்தர்யத்தின் அரசியலை சூசன் சொன்டாக் 1975இல் எழுதிவிட்டார். என் புகார் அதைவிடச் சின்னது. எடையில்லாத உடம்பு எந்தக் கொடிக்கும் பொருந்தும். நம் பத்திரிகைகளில் வருகிற பல மூட்டை தூக்கிகளும் கல்லுடைக்கிறவர்களும் இதே பக்க வெளிச்சத்தில் நிற்பவர்கள்தான். நரம்பு புடைத்திருக்கும், வியர்வை மின்னும். மூட்டையில் என்ன, எத்தனை கிலோ என்று கவிஞரைக் கேட்டால் தெரியாது.

இந்த வெளிச்சத்தை வாசிலி அலெக்ஸேயெவ் மேல் போட்டுப் பார்க்கலாம். 1970இல், அமெரிக்காவில் கொலம்பஸ் நகரில், 500 பவுண்டுக்கு மேல் தலைக்கு மேலே தூக்கிய முதல் மனிதர். 1972லும் 1976லும் ஒலிம்பிக் தங்கம். 80 உலக சாதனைகள். பெருத்த தொப்பை, கொழுத்த தோள். சாண்டோவுக்குச் சுழன்ற சூரியன் இவர் மேல் விழுந்தால் ஒரு மேடும் பள்ளமும் அகப்படாது. தசையைப் பிரித்துப் பிரித்துக் காட்டும் உடம்பு வேறு, தூக்கும் உடம்பு வேறு. நம் ஊரில் ஆணழகன் போட்டியையும் பளு தூக்கும் போட்டியையும் ஒன்றாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு. படமெடுப்பவர்கள் இந்தக் குழப்பத்தை வளர்க்கிறோம்.

பத்திரிகைக்காரர்கள் வேறொரு விதத்தில் தப்பு செய்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கை பூட்டி நிற்கும் கடைசி நிலை. விதிப்படி, நடுவரின் சைகை வரும்வரை தூக்கியவன் அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே அது எடுப்பதற்குச் சுலபம். ஆனால் கை பூட்டியபின் சுமையின் பெரும்பங்கை எலும்பு தாங்கிக்கொள்கிறது. மிகக் கடினமான கட்டம் அதற்கு முன்னாலேயே, பலர் எழ முடியாமல் பாரைக் கீழே விட்டுவிடும் அந்தக் குந்தல் நிலையில், கழிந்துவிட்டிருக்கும்.

நான் திரும்பவும் போனேன். இந்தத் தடவை கறுப்புத் துணி இல்லை, எண்ணெய் இல்லை, டியூப் லைட்டுகள் மட்டும். அவை விநாடிக்கு நூறு தடவை மங்கி எரிவதால் வேகமான ஷட்டரில் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது இருண்டும் வரும். வேறு வழியில்லாமல் நூறில் ஒரு பங்கு விநாடிக்கு இறங்கினேன். எல்லாம் கலங்கிவிடும் என்று பயந்தேன். 132 கிலோ. தோளில் வாங்கிக் குந்தினான். எழுந்தான். பாதி வழியில், மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், உடம்பு நின்றுவிட்டது. எடையே அவனை நிறுத்தி எனக்காகப் பிடித்து வைத்திருந்தது. படத்தில் அவன் தெளிவாக இருக்கிறான். கன்னம் உப்பியிருக்கிறது, முகம் அழகாக இல்லை, தசை ஒன்றும் தனியாகத் தெரியவில்லை. பாரின் இரண்டு முனைகள் மட்டும் மேலும் கீழும் துடித்துக் கலங்கியிருக்கின்றன. பின்னால் ரசம் போன கண்ணாடி, ஒரு மளிகைக் கடை காலண்டர், ஆணியில் யாருடைய சட்டையோ.

முதல் படத்தைத் தொங்கவிட்டவர்கள் இதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'ஒளியமைப்பு போதாது' என்று காரணம். அவர்களோடு விவாதிக்கத் தயாராக இருந்தேன்.

இரண்டு படத்தையும் பிரதி போட்டு அவனுக்குக் கொடுத்திருந்தேன். போன மாதம் அவன் வீட்டுக்குப் போனபோது கூடத்துச் சுவரில் முதல் படம், கண்ணாடிச் சட்டத்தில். மற்றது எங்கே என்று கேட்டேன். பீரோவில் இருக்கிறது என்றான்.

"அதுல புள்ள கஷ்டப்படுறான் தம்பி" என்றார் அவன் அம்மா. "இதுலதான் நல்லா இருக்கான்."